பிராட்ஸ் வாங்குறீங்களா, தலையைப் பாக்காதீங்க காலைப் பாருங்க

நான் காசு குடுத்து வாங்கி ரொம்ப நாளா யூஸ் பண்ணிட்டு இருக்குற மூணு ஐட்டத்தைப் பத்தி எழுதுறேன். ஒண்ணு ஆன்லைன்ல வாங்கின கலர் கலர் பிராட்ஸ் டப்பா, 200 பீஸ், 249 ரூபா. ரெண்டாவது சென்னை பாரிஸ்ல ஆண்டர்சன் தெருவுல ஒரு பழைய ஸ்டேஷனரி கடையில வாங்கின வெறும் பித்தளை பிராட்ஸ், ஒரு கிராஸ், அதாவது 144 பீஸ், 180 ரூபா. மூணாவது ஐலெட், அதாவது ஓட்டையைச் சுத்திப் போடுற சின்ன மெட்டல் வளையம், அதை அடிக்கிற கை டூல், 100 ஐலெட்டோட சேத்து 420 ரூபா. பேப்பர் ஆல்பம், கார்டு, அசையுற பொம்மை இதெல்லாம் வீட்டுல செய்றவங்களுக்குத்தான் இது, கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தா ஒரு நல்ல ஃபோட்டோ தப்பிச்சிருக்கும், அதனாலதான் விடாம எல்லாத்தையும் எழுதுறேன்.

பிராட் தெரியாதவங்களுக்கு: மேல ஒரு சின்னத் தலை, கீழ ரெண்டு தட்டையான காலு ஒட்டிக்கிட்டு இருக்கும், பேப்பர்ல ஓட்டை போட்டு காலை உள்ள விட்டு பின்னாடி ரெண்டு பக்கமும் விரிச்சு மடக்கிட்டா பேப்பர் பிடிச்சிக்கும், அவ்ளோதான். பசை வேணாம், ஊசி நூல் வேணாம். சாதாரணமா நம்ம பசங்க ஸ்கூல் ப்ராஜெக்ட்ல கடிகாரம் செஞ்சு முள்ளு சுத்துற மாதிரி வைப்பாங்கல்ல, அதுல நடுவுல இருக்குறது இதுதான். 1866லயே ஜார்ஜ் மெக்கில்னு ஒரு அமெரிக்கர் மடக்குற மாதிரி பித்தளை ஃபாஸ்ட்னருக்கு பேட்டன்ட் வாங்கியிருக்காரு, ஸ்டேப்ளர் பின்னுக்கே அதுதான் முன்னோடின்னு சொல்வாங்க. ஹாலிவுட்ல ஸ்கிரிப்டை பிரின்ட் எடுத்துக் குடுக்குறதா இருந்தா இன்னும் பேப்பர்ல மூணு ஓட்டை போட்டு மேலயும் கீழயும் மட்டும் ரெண்டு பித்தளை பிராட் மாட்டித்தான் குடுக்குற வழக்கம் இருக்கு. இத்தனை வருஷத்துல பொருள் பெருசா மாறவே இல்ல, தலைதான் மாறிச்சு, பூ, நட்சத்திரம், முத்து, கல்லு வச்சதுன்னு. கடையில நாம மயங்குறதும் அந்தத் தலையைப் பாத்துத்தான்.

நானும் அப்படித்தான் மயங்கினேன். அம்மா அப்பாவுக்கு 40வது கல்யாண நாள் வந்துச்சு, கையால ஒரு ஆல்பம் செஞ்சு குடுக்கணும்னு ஆசை, 1984ல எடுத்த கறுப்பு வெள்ளை கல்யாண ஃபோட்டோ ஒரு பன்னெண்டு இருந்துச்சு, அதுல சிலதுக்கு நெகட்டிவ் எல்லாம் எப்பவோ போயிருச்சு. ஆன்லைன்ல தேடினப்போ இந்த டப்பா வந்துச்சு, உள்ள பன்னெண்டு கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒவ்வொரு கலர், மேட் சிவப்பு, தங்கக் கலர், பழைய செம்பு மாதிரி ஒண்ணு, முத்து வச்சது, பாக்கவே அவ்ளோ அழகு. விவரத்துல பித்தளைன்னு போட்டிருந்துச்சு. வந்ததும் ஒரு மணி நேரம் டப்பாவைத் திறந்து வச்சு பாத்துட்டே இருந்தேன், உண்மையாவே.

ஃபோட்டோவோட நாலு மூலையிலயும் செம்புக் கலர் பிராட் மாட்டி ஆல்பம் முடிச்சுக் குடுத்தேன், ஜூன் மாசம். அப்பா ஒவ்வொரு பக்கமா தடவித் தடவிப் பாத்தாரு. நவம்பர்ல நல்ல மழை, வீட்டுல சுவரெல்லாம் ஓதம், டிசம்பர்ல சித்தி வந்தப்போ ஆல்பத்தை எடுத்துக் காட்டினா ஒவ்வொரு பிராட் அடியிலயும் ஒரு பழுப்பு வட்டம். சிலது தலையோரத்துல மட்டும், சிலது காலு மடங்குன இடத்துல இருந்து பேப்பர் வழியா ஊறி முன்பக்கம் வந்திருக்கு. அம்மா தாலி கட்டி முடிச்சு தலை நிமிர்ற ஒரு ஃபோட்டோ இருக்கு, அதுல வலது கீழ் மூலையில ஒரு மிளகு அளவுக்கு துருக்கறை ஏறிடுச்சு. அம்மா "விடுடி, முகத்துல படலல்ல"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.

அப்புறம்தான் ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை எடுத்து டப்பா மேல வச்சுப் பாத்தேன். பன்னெண்டு கட்டமும் படபடன்னு ஒட்டிக்கிச்சு. பித்தளை காந்தத்துல ஒட்டாது, அலுமினியம் ஒட்டாது, இரும்புதான் இப்படி ஒட்டும். அதாவது முழுக்க இரும்பு, மேல மெல்லிசா கலர் பூச்சு. தலையில பூச்சு நல்லாத்தான் இருக்கு, ஆனா காலை விரிச்சு மடக்குறப்போ மடங்குற இடத்துல பூச்சு விரிசல் விட்டு உள்ள இருக்குற இரும்பு வெளிய தெரியுது, ஈரம் பட்டா அங்கதான் முதல்ல துரு பிடிக்குது. இதை லென்ஸ் வச்சுப் பாத்தேன், புதுசா ஒண்ணை எடுத்து மடக்கி, அந்த மடிப்புல முடி மாதிரி கோடு கோடா வெடிச்சிருந்துச்சு. பழைய ஆவணங்களைப் பாதுகாக்குற இடங்கள்ல காகிதம் உள்ள வந்ததும் முதல் வேலையா ஜெம் கிளிப்பு, ஸ்டேப்ளர் பின்னு, குண்டூசி எல்லாத்தையும் கழட்டிருவாங்க, காரணம் இதேதான். அது தெரிஞ்சிருந்தும் டப்பா அழகுல எனக்குத் தோணல.

விக்கிறவங்ககிட்ட பித்தளைன்னு போட்டிருக்கீங்களேன்னு எழுதினேன், பித்தளைக் கலர்னு சொன்னோம்னு பதில் வந்துச்சு, ரிட்டர்ன் நாள் எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. பேர் சொல்ல வரல, ஏன்னா இதே டப்பாவை இதே ஃபோட்டோவோட பத்து பேர் விக்கிறாங்க. யார்கிட்ட வாங்கினாலும் வந்த அன்னிக்கே காந்தம் வச்சுப் பாருங்க, அன்னிக்கே ஒண்ணை எடுத்து மடக்கி, நிமித்தி, திரும்ப மடக்கிப் பாருங்க.

இந்த மடக்கி நிமித்துற விஷயம் துருவை விட முக்கியம்னு கூட சொல்லுவேன். அக்கா பையன் ரெண்டாவது படிக்கிறான், அவனுக்கு ஒரு யானை பொம்மை செஞ்சோம், கெட்டி அட்டையில, தும்பிக்கை ஒண்ணு, காது ஒண்ணு, காலு நாலு, வாலு ஒண்ணு, மொத்தம் ஏழு ஜாயின்ட், ஏழு பிராட். பொம்மைக்கு மாட்டுறப்போ ஒரே தடவையில சரியா வராது, இறுக்கமாப் போச்சுன்னா காலு ஆடாது, லூசா இருந்தா தொங்கும், அதனால ரெண்டு மூணு தடவை கழட்டி மாட்டித்தான் ஆகணும். அந்த டப்பா பிராட்ல ஏழுல மூணு ரெண்டாவது மடிப்புலயே டக்குனு முறிஞ்சு காலு கையோட வந்துருச்சு. முறிஞ்ச முனை பிளேடு மாதிரி, பையன் விரல்ல கீறல். தலை என்னமோ நட்சத்திர டிசைன்ல பளபளன்னு இருந்துச்சு.

சரி, இப்ப ஆண்டர்சன் தெரு. தெரியாதவங்க இருக்க மாட்டீங்க, கல்யாணப் பத்திரிக்கை அடிக்கிறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது போயிருப்பீங்க, பேப்பர், கார்டு, கவர், ஸ்டேஷனரி மொத்தமும் அந்த ஒரு தெருவுக்குள்ள. தாம்பரத்துல ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிட்டேன். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் இறக்கியிருக்கும். நான் போன கடை நுழைஞ்சா ரெண்டு பேர் நிக்கிற அளவுதான், மேல பரண் வரைக்கும் அட்டைப்பெட்டி, ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு.

"ஐயா, பேப்பர் ஃபாஸ்ட்னர் இருக்குங்களா?"ன்னு கேட்டேன். பிராடுக்கு அதுவும், ஸ்பிளிட் பின்னும் வேற பேரு.

"இருக்கும்மா"ன்னு ஃபைல்ல பேப்பர் கோக்குற நீளத் தகடு இருக்கும்ல, ரெண்டு ஓட்டையில விட்டு மடக்குறது, அதை எடுத்து வச்சாரு. இது எல்லாருக்கும் நடக்கும், தெரிஞ்சுக்கோங்க, நம்ம ஊர்ல பேப்பர் ஃபாஸ்ட்னர்னா அதுதான். ஸ்பிளிட் பின்னுன்னு கேட்டா சில இடத்துல ஹார்டுவேர் கடைக்குப் போகச் சொல்லுவாங்க, அது வண்டிக்குப் போடுற வேற பின்னு. ஃபோன்ல ஃபோட்டோ காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, "ஓ இதா, உருண்டைத் தலை, ரெண்டு காலு. இப்ப யாரும்மா கேக்குறாங்க"ன்னு சொல்லிட்டு பையனைப் பரண்ல ஏத்தினாரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு சின்ன அட்டைப்பெட்டி, மேல தூசி, உள்ள எண்ணெய்த்தாள்ல சுத்தி பித்தளைப் பிராட்ஸ். எந்த டிசைனும் கிடையாது, லேசாக் குவிஞ்ச தலை, ஒரு சட்டைப் பட்டனை விட சின்னது, காலு முக்கால் இஞ்சு.

பையில காந்தம் வச்சிருந்தேன், எடுத்து வச்சுப் பாத்தேன், ஒட்டல. பெரியவர் சிரிச்சிட்டு, "நல்லாப் பாத்துக்கம்மா, எத்தனை வேணா பாத்துக்க"ன்னாரு. ஒண்ணை மடக்கி நிமித்தி மடக்கி நிமித்தி அஞ்சு தடவை பண்ணேன், அசையல. அப்புறம் அவரே ஒண்ணை எடுத்து ரெண்டு காலையும் காட்டி, ஒரு காலு இன்னொண்ணை விட ஒரு துளி நீளமா இருக்கு பாரு, அப்பதான் நகம் வச்சு ஈசியாப் பிரிக்கலாம்னு சொன்னாரு. அந்த ஆன்லைன் டப்பாவுல ரெண்டு காலும் ஒரே அளவு, ஒட்டிக்கிட்டு, ஒவ்வொண்ணையும் பிளேடு விட்டுப் பிரிக்க வேண்டியிருந்துச்சு, அது ஏன்னு எனக்கு அந்தக் கடையில நின்னப்பதான் புரிஞ்சுது. சில்லறையா 20 குடுங்கன்னு கேட்டேன், கிராஸ் கணக்குதாம்மான்னு சொன்னாரு, பரவால்லன்னு ஒரு கிராஸ் முழுசா வாங்கிட்டேன்.

அது முடிஞ்சு ஒரு முழு மழைக்காலம் போயாச்சு. பளபளப்பு மங்கி கொஞ்சம் தேன் கலர் வந்திருக்கு, எனக்கு அது இன்னும் பிடிச்சிருக்கு, பேப்பர்ல ஒரு பொட்டு கறை கிடையாது. ஒரே விஷயம், தண்ணி கலந்த பசை ஈரமா இருக்குறப்போ பக்கத்துல மாட்டாதீங்க, பித்தளை பச்சை பூக்கும், பசை நல்லாக் காஞ்சதுக்கு அப்புறம் மாட்டுங்க. கலர் வேணும்னா தலை மேல நெயில் பாலிஷ் ரெண்டு கோட்டு அடிச்சுக்கலாம், மாட்டினதுக்கு அப்புறம் அடிங்க.

மாட்டுற முறையில ரொம்பப் பேர் பண்ற தப்பு ஆபீஸ் பஞ்சிங் மெஷின்ல ஓட்டை போடுறது. அது 6 மில்லிமீட்டர் ஓட்டை, சின்ன பிராட் தலையே உள்ள போயிரும். நான் கோணி ஊசியை சூடு பண்ணாம அப்படியே, அடியில பழைய ரப்பர் செருப்பு ஒண்ணை வச்சு முன்பக்கத்துல இருந்து குத்துறேன், பின்னாடி வர்ற பிசிரை நகத்தால தடவி விட்டா போதும். ஃபிக்ஸா நிக்கணும்னா ஓட்டை கூட வேணாம், கட்டர்ல காலு அகலத்துக்கு ஒரு கீறல் போதும், ஆடவே ஆடாது. அசையுற பொம்மைக்கு மட்டும் வட்ட ஓட்டை, காலை விட ஒரு துளி பெருசா, மடக்குறப்போ தலைக்கும் அட்டைக்கும் நடுவுல ஒரு பழைய விசிட்டிங் கார்டைச் சொருகி வச்சு மடக்கிட்டு அப்புறம் கார்டை உருவிடுங்க, அந்த இடைவெளிதான் ஆட்டம் குடுக்கும். யானைத் தும்பிக்கை அப்படி மாட்டினதுதான், ஒரு விரல்ல தட்டினா மேல போய் தானா இறங்கி வருது, பையன் அதை மட்டும் நூறு தடவை தட்டியிருப்பான். பின்னாடி மடங்கின காலு மேல வட்டமா பேப்பர் வெட்டி ஒட்டிருங்க. மூணு வயசுக்குக் கீழ குழந்தை இருக்குற வீட்டுல பிராட் பொம்மையே வேணாம், கழண்டா நேரா வாய்க்குத்தான் போகும்.

அட்டையும் முக்கியம். ஜெராக்ஸ் எடுக்குற 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கிற கணக்கு) பேப்பர் தாங்காது, கிழியும். 250ல இருந்து 300 ஜிஎஸ்எம் கார்டு நல்லது. காசு போட்டு வாங்கணும்னு கூட இல்ல, எல்லா வீட்டுலயும் ஒரு கட்டு பழைய கல்யாணப் பத்திரிக்கை கிடக்கும், அதோட பின்பக்கம் அருமையான கார்டு.

இப்ப ஐலெட் டூல். ஐலெட் நமக்குப் புதுசு இல்ல, ஷூ லேஸ் போற ஓட்டையில இருக்குற வளையம், ஃப்ளெக்ஸ் பேனர் மூலையில கயிறு கட்டுறதுக்கு அடிக்கிறது, அதே தான் சின்ன சைஸ்ல. மாமா பொண்ணு கல்யாணத்துக்கு தாம்பூலப் பைக்கு டேக் செய்ற வேலை என்கிட்ட வந்துச்சு, 150 டேக், மஞ்சள் நூல் கோத்துக் கட்டணும். வெறும் ஓட்டையில நூல் கட்டினா பையைத் தூக்குறப்பவே டேக் கிழிஞ்சு விழுந்துரும், அதனால ஐலெட் போட்டே ஆகணும். முதல்ல சுத்தியலும் அச்சுக் கம்பியும் வச்சு அடிச்சுப் பாத்தேன், நல்லா வரும், ஆனா டைல்ஸ் தரையில அடிக்க முடியாது, ராத்திரி பத்து மணிக்கு மேல கீழ் வீட்டுக்காரங்க இருக்காங்க, அதான் கையால அழுத்துற டூல் வாங்கினேன்.

கட்டிங் பிளேயர் மாதிரி இருக்கும், ஒரு வாயில ஓட்டை, இன்னொரு அச்சுல ஐலெட். ஓட்டை 3/16 இஞ்சு, கிட்டத்தட்ட 4.8 மில்லிமீட்டர். நல்ல விஷயம், ஓட்டை சுத்தமா விழுது, பத்திரிக்கை அட்டை ரெண்டை ஒண்ணா வச்சாலும் விழுது. ஓரத்துல இருந்து ஒரு இஞ்சுக்கு மேல உள்ள போக முடியாது, டேக்குக்கு அது போதும், ஆல்பம் நடுப்பக்கத்துக்கு ஆகாது. முதல் பதினொண்ணு எனக்கு வீணாப் போச்சு. ஏன்னு பாத்தா, கூட வந்த ஐலெட்டோட குழல் ரொம்ப நீளம், ஒத்த அட்டைக்கு பின்னாடி தேவைக்கு மேல நீட்டிக்கிட்டு நின்னுச்சு, அழுத்தினா பூ மாதிரி விரிஞ்சு உக்காராம ஒரு பக்கமா சாஞ்சு நசுங்குது. பின்னாடி ஒன்றரைல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் நீட்டினா போதும். அதனால டேக்கை ரெண்டு அட்டை ஒட்டி கெட்டியாக்கினேன், அப்புறம் ஒண்ணு கூட வீணாகல. இங்கயும் அதே கதைதான் பாருங்க, டப்பா மேல ஐலெட் வாய் அகலம் மட்டும் போட்டிருக்கு, கலர் போட்டிருக்கு, குழல் நீளம் எங்கயும் இல்ல.

ஐலெட்டு காந்தத்துல ஒட்டல, அலுமினியம். மெத்துனு இருக்குறதால கையால அழுத்துறதுக்கு இதுதான் சரி. ஒரே மூச்சா அழுத்தாதீங்க, பாதி அழுத்தி, டேக்கைக் கால்வாசி திருப்பி, மறுபடி அழுத்தினா வளையம் சமமா உக்காரும், முழு பலத்தையும் போட்டா குழல் பிளந்து கூரா நிக்கும், நூலை அறுத்துரும். டூலோட இரும்பு வாய் முன்பக்க கலரைக் கொஞ்சம் சுரண்டுது, நடுவுல ஒரு துண்டு பனியன் துணி வச்சு அழுத்தினேன், கோடு விழல. 150 அடிச்சு முடிக்க ரெண்டு சாயந்திரம் ஆச்சு, உள்ளங்கைல பிளாஸ்டிக் பிடி பட்ட இடம் சிவந்து போச்சு, நிறைய அடிக்கிறவங்க பிடியில துணி சுத்திக்கோங்க. ஃபிரெண்டு ஒருத்தி அமெரிக்காவுல இருந்து கிராப்-அ-டைல்னு ஒரு ஐலெட் டூல் கொண்டு வந்திருந்தா, அதுல 1/8, 3/16 ரெண்டு சைஸ் ஓட்டையும் விழும், அச்சைத் திருப்பித் திருப்பி ஐலெட் சைஸுக்கு வச்சுக்கலாம், பிடி நீளமா இருக்குறதால கை நோகல. மாசாமாசம் நூறு இருநூறு அடிக்கிறவங்க அது மாதிரி பாருங்க, வருஷத்துக்கு ஒரு கல்யாணம்னா இந்த 420 ரூபா டூல் தாராளம்.

மார்க் போடணும்னா, ஆண்டர்சன் தெரு பித்தளைக்கு அஞ்சுக்கு அஞ்சு, டிசைன் இல்லன்னு யாராவது குறைச்சா குறைச்சுக்கோங்க, நான் குறைக்க மாட்டேன். ஐலெட் டூலுக்கு மூணரை, குழல் நீளம் சொல்லியிருந்தா நாலு. ஆன்லைன் டப்பாவுக்கு ஒண்ணு, அதுவும் கட்டம் போட்ட அந்த டப்பாவுக்கு, இப்ப பித்தளைய அதுலதான் போட்டு வச்சிருக்கேன். மிச்சம் இருந்த இரும்பு பிராட்ஸ் எல்லாத்தையும் ரெண்டு மூணு நாள்ல தூக்கிப் போடுற அலங்காரத்துக்கு மட்டும், பர்த்டே தோரணம் அந்த மாதிரி, எடுத்து வச்சிருக்கேன். ஒரிஜினல் ஃபோட்டோவுல இனிமே எந்த மெட்டலும் குத்துறதா இல்ல, பித்தளையா இருந்தாலும் சரி. ஸ்கேன் பண்ணி பிரின்ட் எடுத்து அதுல மாட்டிக்கலாம், ஒரிஜினல் தனிக் கவர்ல.

ஆல்பத்தை மொத்தமாப் பிரிச்சு திரும்பச் செஞ்சிட்டு இருக்கேன். கடைசிப் பக்கத்துல ஒரு சுத்துற வட்டு, நடுவுல ஒரே ஒரு பித்தளை பிராட், மேல ஒரு சின்ன ஜன்னல் வெட்டு, வட்டைத் திருப்பினா 1984ல இருந்து அவங்க ரெண்டு பேரும் சேந்து எடுத்த ஃபோட்டோ ஒவ்வொண்ணா ஜன்னல்ல வரும். எட்டு ஃபோட்டோ வெட்டி ஒட்டியாச்சு, இன்னும் நாலு பாக்கி. ஒரு கிராஸ்ல இருபது இருபத்தஞ்சுதான் மிச்சம் இருக்கு, தம்பி வியாழக்கிழமை பாரிஸ் பக்கம் போறான், இன்னொரு கிராஸ் வாங்கிட்டு வாடான்னு சொல்லி காந்தத்தையும் கையில குடுத்துட்டேன்.